அடுத்தது நானா?

பக்கவாதம் வந்தவர் வீட்டில் இரண்டு கேள்விகளை எப்போதும் வாசலில் வைத்துத்தான் கேட்பார்கள். உள்ளே கட்டிலில் கிடப்பவர் காதில் விழக் கூடாது என்று, நான் செருப்பு மாட்டும்வரை காத்திருப்பார்கள். முதல் கேள்வி, "பழையபடி நடந்துருவாங்களா மேடம்?" அதற்குப் பதில் சொல்வது என் தொழில். நான் பிசியோதெரபிஸ்ட், தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய், விழுந்த கையையும் காலையும் மறுபடி பழக்கிவிடுகிறவள். இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "இது பரம்பரையா வருமா?"

சென்ற ஆண்டு ஒரு வீட்டில், 52 வயதுக்காரரின் மகன் இதை இன்னும் நேரடியாகவே கேட்டான். "எங்க தாத்தாவுக்கும் கை கால் விழுந்துச்சு. இப்ப அப்பாவுக்கும் வந்துட்டு. அடுத்தது நானா மேடம்?"

நான் அவனுடைய அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருப்பி, அதன் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவரைக் கறுப்பாக்க வேண்டும். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு. உலகமெங்கும் மரபணு ஆலோசகர்கள் போடும் படம் இதுதான். எங்கள் பக்கத்தில் அந்த இரட்டைக் கோடு விழாத வீடு குறைவு.

படம் போடப் போடத்தான் கதை வெளியே வரும். தாத்தாவுக்கு எத்தனை வயதில் வந்தது? "எண்பது தாண்டிட்டு." அடைப்பா, ரத்தக்கசிவா? தெரியாது. அத்தைக்கு? "அவங்களுக்கும் வாதம்தான்." விசாரித்தால் அது மூட்டுவலி. அப்பாவுக்கு? பத்து வருடமாகப் பிரஷர். தலைசுற்றல் நின்றுவிட்டது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சிகரெட் நாளுக்கு ஒரு பாக்கெட். அந்தப் பையனுக்கு இந்த நோய் குடும்பச் சொத்தாகத் தெரிந்தது. படத்திலோ ஒரே ஒரு சதுரம்தான் இளம் வயதில் கறுத்திருந்தது. அதற்கும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருந்தது.

இப்படிச் சொல்வதால் மரபணுவுக்கு இதில் வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை உண்டு. சில குடும்பங்களில் கொடூரமாகவே உண்டு. அதற்கு நான் படித்தவற்றிலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஐஸ்லாந்தின் கதை.

அந்தத் தீவின் மேற்குக் கரையில் பிரைதாஃப்யோர்துர் என்று ஒரு பெரிய விரிகுடா இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பண்ணைகளில் சில குடும்பங்களில், திடகாத்திரமான வாலிபர்கள் இருபது முப்பது வயதில் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார்கள். பிரஷர் கிடையாது. முதல் கசிவில் பிழைத்தாலும் அடுத்தடுத்து வரும். அர்னி அர்னாசன் என்ற ஐஸ்லாந்து மருத்துவர் இந்தக் குடும்பங்களைத் தேடித் தேடி விவரம் சேர்த்து, இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று 1935-இல் நூலாகவே வெளியிட்டார். டிஎன்ஏ-வின் வடிவமே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. அவரிடம் இருந்தது குடும்பப் பட்டியல்தான்.

காரணம் பிடிபட அரை நூற்றாண்டு ஆனது. சிஸ்டாட்டின் சி என்பது நம் எல்லோர் உடம்பிலும் ஓடும் சின்னப் புரதம். 120 அமினோ அமிலங்கள் கோத்தது. புரதத்தை வெட்டும் சில நொதிகளை அடக்கி வைப்பது அதன் வேலை. இந்தக் குடும்பங்களில் அதன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப்பிழை. அதனால் 68-ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் குளூட்டமின் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படிப் பிறழ்ந்த புரதம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். மூளைக்குள் போகும் சின்னத் தமனிகளின் சுவரில் படிந்து படிந்து, அந்தச் சுவரைப் பலமிழக்கச் செய்யும். ஒருநாள் அது கிழியும். அப்பாவிடமோ அம்மாவிடமோ பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஐம்பது சதவீத வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்பினான் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இதுவரை இது வழக்கமான பரம்பரை நோய்க் கதைதான். ஆச்சரியம் 2008-இல் வந்தது. ஐஸ்லாந்துக்காரர்களிடம் தேவாலயப் பதிவேடுகளும் வம்சாவளிக் குறிப்புகளும் நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். இன்று அந்தப் பிழையைச் சுமக்கும் அத்தனை பேரும், ஏறத்தாழ 18 தலைமுறைக்கு முன் பிறந்த ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று தெரிந்தது. அந்தப் பிழை இறங்கி வந்த வழியில் யார் யார் நின்றிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அவர்கள் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். இப்போது அந்தப் பிழையோடு பிறப்பவர்களின் சராசரி ஆயுள் 30. ஆனால் 1825 வாக்கில் பிறந்தவர்கள், அதே பிழையோடு, சராசரியாக 65 வயது வரை வாழ்ந்திருந்தார்கள்! 1900-க்குள் அது பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் நாட்டில் மற்றவர்களின் ஆயுள் கூடத் தொடங்கியிருந்தது.

அந்த ஆய்வில் இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். மரபணு மாறவில்லை. அந்த ஒற்றை எழுத்து அப்படியே இருக்கிறது. மாறியது சுற்றியிருந்த வாழ்க்கை. ஒரு கிளையில் மட்டும் இப்படி நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பிரிந்துபோன பல குடும்பக் கிளைகளில் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. அம்மா வழியில் பிழை வந்தவர்கள், அப்பா வழியில் வந்தவர்களைவிட ஒன்பது ஆண்டு முன்னதாகவே இறந்ததும் இந்தச் சரிவோடு சேர்ந்து தலைகாட்டியதுதான்.

அப்படி என்ன மாறியது? பழைய ஐஸ்லாந்தில் உப்பு அரிது. இறைச்சியைப் புளித்த மோர்த் தண்ணீரில் ஊறவைத்துப் பாதுகாத்தார்கள். மீனைக் காற்றில் உலர்த்தினார்கள். மாவும் சர்க்கரையும் பணக்காரப் பொருட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் உப்பும் மாவும் சர்க்கரையும் வந்து இறங்கின, சாப்பாடே மாறிப்போனது. ஆய்வாளர்களின் சந்தேகம் இந்தப் பக்கம்தான் திரும்பியது. இது சந்தேகம், நிரூபணம் ஆன விஷயம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரைச் சுற்றி உப்பளங்கள், வீட்டுக்கு வீடு கருவாடு என்று இருக்கும் இடத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பகீரென்றுதான் இருந்தது.

இன்னொரு செய்தியும் அதே தீவிலிருந்து 2021-இல் வந்தது. சளியை இளக்கக் கொடுக்கும் என்-அசிடைல் சிஸ்டீன் என்ற பழைய மருந்தை, இந்தப் பிழை உள்ள சிலருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய தோலில் படிந்திருந்த அந்தப் புரதம் குறைந்தது. விலை மலிந்த மருந்து. சிறு எண்ணிக்கையினரிடம் செய்த சோதனைதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக முப்பதில் செத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது.

ஒற்றை மரபணுவால் வரும் பக்கவாதங்களில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது கடாசில். பாரிஸில் மாரி-ஜெர்மேன் பூஸ்ஸேவும் எலிசபெத் தூர்னியே-லாஸேர்வும் பல ஆண்டுகள் துரத்திய நோய் இது. 1993-இல் 19-ஆவது குரோமோசோமில் இடம் கண்டார்கள். 1996-இல் நாட்ச்3 என்ற மரபணு பிடிபட்டது. இங்கே கசிவு அரிது. மூளைக்குள் ஆழமாகப் போகும் நுண்ணிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். முதலில் கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி, நாற்பதுகளில் சின்னச் சின்னப் பக்கவாதம், பிறகு மறதி. ஸ்கேனில் மூளையின் வெண்பகுதி பளிச்சென்று தெரியும். பிரஷரும் சர்க்கரையும் இல்லாத ஒருவருக்கு இப்படி ஒரு ஸ்கேன் வந்தால் நரம்பியல் டாக்டர்கள் உடனே குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது இதனால்தான்.

கடாசிலிலும் ஐஸ்லாந்து சொன்ன அதே சங்கதி இருக்கிறது. நாட்ச்3 பிழை உள்ளவர்களை மக்களின் பொதுவான மரபணுத் தரவில் தேடியபோது, மருத்துவமனைக் கணக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக அகப்பட்டார்கள். ஆசியாவில் இன்னும் கூடுதல். மரபணுவின் எந்தப் பகுதியில் பிழை விழுந்தது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு நாற்பதிலேயே தாக்குகிறது, சிலருக்கு முதுமை வரை ஒன்றும் தெரிவதில்லை. பிழை உள்ளவர்களிலும் புகைபிடிப்பவர்களுக்குப் பக்கவாதம் முந்தி வருகிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது. ஒற்றை மரபணுவே நேரடியாகக் கொண்டுவரும் நோயிலும் சிகரெட்டுக்கு இவ்வளவு செல்வாக்கு என்றால், மற்றவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மற்றவர்கள்தான் நான் தினம் பார்க்கும் நோயாளிகள். அவர்களிடம் இப்படி ஒற்றைப் பெரிய பிழை கிடையாது. மனித மரபணுத் தொகுப்பு 300 கோடி எழுத்து. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் 40, 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். பெரும்பாலானவை தீங்கில்லாதவை. சில இடங்களில் உள்ள வித்தியாசம் பக்கவாத அபாயத்தை நூலளவு கூட்டும் அல்லது குறைக்கும். 2022-இல் வெளியான கிகாஸ்ட்ரோக் என்ற சர்வதேச ஆய்வு, 1,10,000-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் மரபணுவைச் சோதித்து அப்படி 89 இடங்களைக் குறித்தது. அவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒருவரைக் கட்டிலில் தள்ளுவதில்லை. நிறைய இடங்கள் வேலை செய்வதே ரத்த அழுத்தம் வழியாகத்தான்.

பரம்பரையாக நமக்கு வருவதில் பெரும்பங்கு பக்கவாதம் என்ற பெயரில் வருவதில்லை. பிரஷராக, கொழுப்பாக, தாளம் தப்பும் இதயத்துடிப்பாக வருகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது அந்தப் பிரஷர்தான். அதைக் கையில் பட்டை கட்டி அளக்கலாம், மாத்திரை கொடுத்து இறக்கலாம். வாசலில் கேட்கும் கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் முக்கால்வாசி இதுதான்.

இதயத்துடிப்பு விஷயம் எனக்கு நேரடியாகவே தெரியும். உடற்பயிற்சி தொடங்குமுன் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பேன். சிலருக்கு இரண்டு துடிப்பு வேகமாக வரும், ஒன்று காணாமல் போகும், பிறகு நாலு ஒன்றாக ஓடி வரும், எண்ணவே வராது. இது ஏட்ரியல் ஃபைப்ரில்லேஷன் ஆக இருக்கலாம். இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்படித் துடிப்பு தாளம் தப்பியவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்தக் கோளாறோடு பிட்க்ஸ்2 என்ற மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு வித்தியாசத்துக்குச் சம்பந்தம் உண்டு என்று 2007-இல் கண்டறிந்ததும் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள்தான். கருவில் இதயத்துக்கு இடம் வலம் வகுத்துக்கொடுக்கும் மரபணு அது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க நாடி பிடித்து, ஒரு ஈசிஜி எடுத்தால் போதும். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அபாயத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும்.

பிரிட்டனில் 3,06,473 பேரை ஏழாண்டு போலத் தொடர்ந்து பார்த்து 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பக்கவாதத்தோடு தொடர்புள்ள 90 மரபணு வித்தியாசங்களைக் கூட்டிப் போட்டதில், அதிக அபாயப் பட்டியலில் வந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, குறைந்த அபாயக்காரர்களைவிட 35 சதவீதம் கூடுதலாகப் பக்கவாதம். புகை, சாப்பாடு, எடை, உடற்பயிற்சி ஆகிய நான்கில் பெரும்பாலானவற்றில் மோசமாக இருந்தவர்களுக்கு, பெரும்பாலானவற்றில் நன்றாக இருந்தவர்களைவிட 66 சதவீதம் கூடுதல். அவர்கள் எல்லோரும் வெள்ளையர். நம் ஆட்களுக்கு எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரபணு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கும் நல்ல பழக்கம் அதே அளவு பலன் தந்தது என்பதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

நம் பக்கத்தோடு உண்மையிலேயே சம்பந்தப்பட்ட மரபணு விஷயங்கள் மூன்று உண்டு. ஒன்று, நீலகிரிப் பழங்குடியினரின் சிக்கிள் செல் நோய். இந்தியாவில் அந்த அரிவாள் வடிவச் சிவப்பணு முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1952-இல். விறைத்த அணுக்கள் மூளைக் குழாய்களைச் சேதப்படுத்துவதால் குழந்தைகளுக்கே பக்கவாதம் வரலாம். தலையில் டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் வேகம் பார்த்து, நொடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் போகும் குழந்தைகளுக்கு முறையாக ரத்தம் ஏற்றினால், முதல் பக்கவாதத்தைப் பத்தில் ஒன்பதுக்கு மேல் தடுக்கலாம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியாவில் காணும் வகையில் குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் அதிகம் மிஞ்சியிருப்பதால் பலருக்கு நோய் சற்று மென்மையாக இருக்கிறது. அதாவது ஒரு மரபணுவின் கெடுதலை இன்னொரு மரபணு வித்தியாசம் தணிக்கிறது. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை செய்கிறார்கள். மலைப் பகுதியில் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

இரண்டாவது, நான் படத்தில் போடும் அந்த இரட்டைக் கோடு. அக்கா மகளையோ அத்தை மகனையோ கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் பக்கவாதம் வரும் என்பதெல்லாம் இல்லை. ஆனால் ஹோமோசிஸ்டினூரியா போன்ற சில அரிய நோய்கள், தாய் தந்தை இருவரிடமும் ஒரே பிழை இருந்தால்தான் வெளியே வரும். சொந்தத்துக்குள் அதற்கு வாய்ப்பு கூடும். உயரமும் ஒல்லியுமான பிள்ளை, கண் லென்ஸ் இடம் விலகல், பதினெட்டு இருபது வயதில் ரத்தம் உறைதல் என்று வந்தால் டாக்டரிடம் சொந்தத் திருமணம் என்று கட்டாயம் சொல்லுங்கள். இதில் பாதிப் பேருக்கு வைட்டமின் பி6 மாத்திரையே கேட்கும். வெட்கப்பட்டு மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அடைப்பால் பக்கவாதம் வந்த அநேகர் வீட்டில் க்ளோபிடோக்ரெல் அட்டை இருக்கும். அது வயிற்றுக்குள் போனதும் வேலை செய்யும் மருந்து இல்லை. ஈரலில் ஒரு நொதி அதை மாற்றிக்கொடுத்த பிறகே வேலை செய்யும். அந்த நொதியின் மரபணு சிலருக்குச் சோம்பலாக இருக்கும். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி என்று அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவர்களைத்தான் நான் இரண்டாவது முறை பார்க்கிறேன். ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி அடைப்பு வந்தால், இந்த மரபணுச் சோதனை வேண்டுமா, வேறு மருந்து உண்டா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

எச்சில் அனுப்பினால் எல்லா நோய் அபாயமும் சொல்கிறோம் என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. சாதாரணக் குடும்பத்துக்கு அந்தச் செலவு வீண் என்பது என் அபிப்பிராயம். அதில் சிறு பங்கு பணத்துக்கு ஒரு பிரஷர் மெஷின் கிடைக்கும். அது வீட்டில் உள்ள எல்லோருக்கும், வருடக்கணக்கில், தினமும் பதில் சொல்லும். சோதனைக்குப் போக வேண்டிய குடும்பங்கள் வேறு: ஐம்பது வயதுக்குள், பிரஷரும் சர்க்கரையும் புகையும் இல்லாமல் ஒருவருக்கு மேல் விழுந்த குடும்பங்கள், தலைமுறைக்குத் தலைமுறை ஒற்றைத் தலைவலியும் மறதியும் சேர்ந்து வரும் குடும்பங்கள். அவர்களும் முதலில் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. பிள்ளைகளின் கல்யாணம், காப்பீடு, மனநிம்மதி எல்லாம் அந்தச் சோதனை முடிவில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பையனுக்கு நான் அன்றைக்கே பிரஷர் பார்த்தேன். 27 வயது, 150-க்கு 96. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதால், வேறு வேறு நாளில் மறுபடி பார்க்கச் சொல்லி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். அவனுடைய அக்காவைத்தான் இன்னும் வரவைக்க முடியவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருந்தால், ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எத்தனை வயதில், அடைப்பா கசிவா, அவருக்குப் பிரஷர், சர்க்கரை, புகை இருந்ததா. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டுபோங்கள். உடன்பிறந்தவர்களும் வயதுக்கு வந்த பிள்ளைகளும் இந்த மாதமே பிரஷரும் சர்க்கரையும் நாடியும் பார்த்துவிடுங்கள். யாருக்காவது திடீரென்று முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.